பழைய பஜேரோ டீசலில் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, பம்ப் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

உங்கள் வண்டி 1996 பஜேரோ, 2.5 டர்போ டீசல். சிவப்பு விளக்கில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நின்றால் இன்ஜின் ஏறி இறங்கித் துடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் பிடிக்கிறது, ஓடும்போது பெரிய குறை தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டீசல் பம்ப் போய்விட்டது என்று பட்டறையில் சொன்னார்களாம். தயவுசெய்து இப்போதைக்குப் பம்பைக் கழற்ற விடாதீர்கள். முதலில் டீசல் குழாயில் காற்று நுழைகிறதா என்று தேடுங்கள்.

கோலாலம்பூரில் இதே வண்டியைப் பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். எனக்கும் இதே குறை வந்தது, இதே பேச்சையும் கேட்டேன். பம்ப் ஓவர்ஹால் செய்ய இரண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் கேட்டார்கள்.

உங்கள் 4டி56 இன்ஜினுக்கு டேங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் கிடையாது. முன்னால் இருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து டீசலைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. தே ஐஸ் (ஐஸ் போட்ட தேநீர்) குடிக்கும் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் தே வெளியே சிந்தாது, காற்றுதான் வாய்க்குள் வரும். இங்கேயும் அதேதான். அதனால்தான் கீழே ஒரு சொட்டு டீசல்கூட இல்லை, லீக் இல்லை என்று போமன், அதாவது பட்டறை மெக்கானிக், சொல்லிவிடுகிறார். பம்புக்குள் காற்று கலந்தால் டீசல் குறையும், இன்ஜின் வேகம் இறங்கும். உடனே பம்பில் வேகத்தைச் சீராக வைக்கும் பாகமான கவர்னர் டீசலைக் கூட்டும், வேகம் ஏறும், மறுபடி குறைக்கும். நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் இந்த இழுபறிதான்.

எனக்குத் தெரிந்த ஒரு போமன் அண்ணன் இங்கே கோலாலம்பூர் செகாம்புட்டில் இருக்கிறார். அவர் பம்பைத் தொடவே இல்லை. ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் கறுப்பு ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு முழம் தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டார். இன்ஜினை ஓடவிட்டு, "அண்ணே, இங்க பாருங்க" என்று டார்ச் அடித்தார். மஞ்சள் டீசலுக்குள் கடுகு கடுகாய்க் குமிழிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூட்டம் உள்ளே போனதும் இன்ஜின் சத்தம் தாழ்ந்தது.

அப்புறம் ஒரு பாட்டிலில் சுத்தமான டீசலை ஊற்றி, பானெட்டில் உயரமாகக் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் கொடுத்தார். குமிழி எல்லாம் போனதும் இன்ஜின் அமைதியாக நின்றது, நிமிடத்துக்கு 750 சுற்றை ஒட்டி முள் அசையவில்லை. இந்த ஒரு சோதனைதான் தீர்ப்பு. பாட்டிலில் சரியாக ஓடினால் பம்ப் நல்ல பம்ப், குறை அதற்கு முன்னால் இருக்கிறது. என் வண்டியில் ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அந்தத் தலையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

காலை ஸ்டார்ட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. சாவி போடும் முன் அந்தக் கைப்பம்பை இறுகும் வரை அழுத்துங்கள். இன்ஜின் உடனே ஸ்டார்ட் ஆனால் இரவில் காற்று நுழைகிறது என்று அர்த்தம். இன்ஜெக்டர் மேலே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களையும், அதாவது மீந்த டீசலைத் திருப்பி அனுப்பும் குழாய்களையும், பாருங்கள். வெள்ளைப் புகையோடு துடித்து, இரண்டு நிமிடத்தில் தானே அடங்கினால், குறை குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கி ஸ்டார்ட் செய்ய உதவும் குளோ பிளக்கில். கேஎல் சூட்டில் ஒன்றிரண்டு பிளக் செத்திருந்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும், கேமரன் மலையில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

இங்கே 2019லிருந்து பி10 டீசல், அதாவது பத்து சதவீதம் பாமாயிலிலிருந்து வரும் பயோடீசல். முப்பது வயது ரப்பருக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே ஹோஸ் வாங்கும்போது பயோடீசலுக்கு ஏற்றது என்று கேட்டு வாங்குங்கள்.

ஏர்கோன் போட்டால் மட்டும் வேகம் இறங்குகிறதா? ஐடிலைத் தூக்கிவிடும் வேக்கம் டயஃப்ரமுக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்திருக்கலாம். ஏற்ற இறக்கம் இல்லாமல் உடம்பு மட்டும் நடுங்கினால் இன்ஜின் மவுண்ட். டைமிங் பெல்ட் மாற்றிய பிறகுதான் நடுக்கம் ஆரம்பித்ததென்றால், உள்ளே இருக்கும், அதிர்வைக் குறைக்கும் சின்ன பேலன்சர் பெல்ட்டைக் குறி பார்த்துப் போட்டார்களா என்று கேளுங்கள்.

பாட்டிலிலும் துடிக்கிறதா? ஐடிலில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் துணி சுற்றிக் கொஞ்சம் தளர்த்துங்கள், பிறகு இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டர்தான் வேலை செய்யாதது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கையை அருகில் கொண்டு போகாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மிட்சுபிஷி டிரைட்டன் பிக்கப்பில் அதே 4டி56 பெயரில் வந்த, மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது.

ஐடில் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தைக் கூட்டி வைக்க யாரையும் விடாதீர்கள். துடிப்பு மறையும், காற்று உள்ளேயே இருக்கும். நாலு சிலிண்டரும் சரியாக இருந்து, பாட்டிலிலும் அடங்கவில்லை என்றால், அப்போது பம்பைக் கழற்றலாம். பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடைக்கே கொண்டு போங்கள், பிரிக்கும் முன் பெஞ்சில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.