பேஸ்பால் மைதானங்களும் பக்கத்துத் தெரு மியூசியங்களும்: கேள்வி பதில்

கோடை லீவில் காரை எடுத்துக்கொண்டு அமெரிக்க பேஸ்பால் மைதானங்களையும் அந்தந்த ஊர் மியூசியங்களையும் சுற்றிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி (டல்லஸ்): ஒரு வாரம்தான் லீவு. எங்கே தொடங்கலாம்?

பதில்: முதலில் ஆட்ட அட்டவணை. ஹோட்டல், கார் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஓர் அணிக்கு சீசனில் 162 ஆட்டம், அதில் பாதிதான் சொந்த ஊரில். அணி வெளியூரில் இருக்கும்போது போய் இறங்கினால், பூட்டிய கேட் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வேறு வரும், சில நாள் வழக்கமான ஆட்டமே இருக்காது.

என் வழி: கான்சஸ் சிட்டி, செயின்ட் லூயிஸ், லூயிவில், சின்சினாட்டி, பிட்ஸ்பர்க். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சுமார் ஐந்து மணி நேரத்துக்குள்தான். ஆட்டம் பெரும்பாலும் சாயங்காலம் என்பதால் பகல் மியூசியத்துக்கு.

கேள்வி (ஆஸ்டின்): சைவம் கிடைக்குமா?

பதில்: நாச்சோஸ், பிரெட்ஸல், வேர்க்கடலை. பெரும்பாலான மைதானங்களில் வெளிச்சாப்பாடு கொண்டுபோகலாம். பையின் அளவுக்கு மட்டும் விதி உண்டு, முன்பே பாருங்கள். புளியோதரை தாங்கும்.

கேள்வி (சிகாகோ): ஒரே ஒரு மியூசியம்தான் என்றால் எது?

பதில்: கான்சஸ் சிட்டியில் 18-வது தெருவும் வைன் தெருவும் சேரும் இடத்தில் இருக்கும் நீக்ரோ லீக் பேஸ்பால் மியூசியம். கறுப்பின ஆட்டக்காரர்களைப் பெரிய லீக் (மேஜர் லீக்) சேர்த்துக்கொள்ளாத காலத்தில், 1920-ல் ரூப் ஃபாஸ்டர் அவர்களுக்காகத் தனி லீக் தொடங்கியது இந்த ஊரில்தான். உள்ளே நுழைந்ததும் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மைதானம் தெரியும். ஆளுயர வெண்கலச் சிலைகள், பந்து வரப்போகிறது என்பதுபோல அவரவர் இடத்தில் நிற்கும். ஆனால் உடனே உள்ளே போக முடியாது. வரலாறு முழுவதையும் சுற்றி வந்த பிறகுதான் வழி திறக்கும். அப்போது அந்த லீக்கின் புகழ்பெற்ற பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜின் சிலைக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று போகாதீர்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): அந்த லீக் கணக்கையெல்லாம் 2024-ல் பெரிய லீக் கணக்கோடு சேர்த்துவிட்டார்கள். மட்டை அடிக்கும் சராசரியில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர் ஜோஷ் கிப்சன் .372, பெரிய லீக்கின் பழைய முதலிடக்காரர் டை காப் .367 என்கிறார்கள். சீசனுக்கு அறுபது, எழுபது ஆட்டம் ஆடியவரை எப்படி ஒப்பிடுவது?

பதில்: 2020-ல் கொரோனாவால் பெரிய லீக் ஆடியதும் 60 ஆட்டம்தான். அந்தக் கணக்கை யாரும் அழிக்கவில்லையே.

கேள்வி (அவரே): அது ஒரு வருடம். இது மொத்த வாழ்க்கை.

பதில்: சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். கிப்சனுடைய லீக்கில் ஆட்டம் குறைவாக இருந்தது யாரால்? கதவைச் சாத்தி வைத்தவர்களால். அட்டவணை ஆட்டங்களுக்கு நடுவே ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடித்தான் சம்பாதித்தார்கள். அவை இந்தக் கணக்கிலேயே வராது. இன்னொன்று, காப் தன் லீக்கில் ஒரு கறுப்பினப் பந்துவீச்சாளரைக்கூடச் சந்திக்கவில்லை. குறை இரண்டு பக்கக் கணக்கிலும்தான் இருக்கிறது. கிப்சன் 1947 ஜனவரியில் இறந்தார். பெரிய லீக்கின் அந்தத் தடையை உடைத்த கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களம் இறங்கியது அந்த ஏப்ரலில். மறுபடி எழுதுவதற்கு முன் அந்த மியூசியத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்.

கேள்வி (சான் ஹோசே): வெஜிடேரியன் ஆப்ஷன்ஸ்?

பதில்: மேலே.

கேள்வி (பாஸ்டன்): கூப்பர்ஸ்டவுனை விட்டுவிட்டீர்களே! பேஸ்பால் பிறந்த ஊராயிற்றே?

பதில்: அங்கிருக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியம் அருமையான இடம், தாராளமாகப் போங்கள். ஆனால் 1839-ல் ஆப்னர் டபுள்டே என்பவர் அங்கே இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார் என்பது கட்டுக்கதை. அந்த வருடம் அவர் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர்.

கேள்வி (கொலம்பஸ்): பிட்ஸ்பர்க்கில் என்ன பார்க்கலாம்?

பதில்: பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றில் ராபர்ட்டோ கிளெமென்டே மியூசியம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பிட்ஸ்பர்க் அணிக்காகப் பெரிய லீக்கில் சரியாக 3000 ஹிட் (அடித்துவிட்டு பத்திரமாக பேஸை அடைவது) அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அவர் பெயரில் உள்ள பாலத்தில் நடந்தே மைதானத்துக்குப் போகலாம். அணி ஊரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு!

கேள்வி (ஹூஸ்டன்): மைதானத்தில் சாப்பாடு சைவமா…

பதில்: புளியோதரை, ஐயா. புளியோதரை.

கேள்வி (அட்லாண்டா): லூயிவில் மட்டைத் தொழிற்சாலையில் கொடுக்கும் குட்டி மட்டையை விமானத்தில் கொண்டுவரலாமா?

பதில்: கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் போடுங்கள். வாசலில் சாய்த்து வைத்திருக்கும் 120 அடி மட்டையோடு போட்டோ மட்டும் போதும்.