சிறிய காரின் பின் ஷொக் அப்சோபரை வீட்டில் மாற்றுதல்: கேள்வி பதில்

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் திருகோணமலையில் இன்று ஓடும் சிறிய கார்களிற் பல, வழக்கமாக விற்றுவிடும் வயதைத் தாண்டியும் அதே வீட்டு முற்றத்தில் நிற்கின்றன. அவற்றின் பின்பக்க ஷொக் அப்சோபரைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன். அல்டோ, மாருதி 800 போன்று பின் அச்சில் ஸ்பிரிங் ஓரிடத்திலும் அப்சோபர் வேறோரிடத்திலும் பூட்டப்பட்ட கார்களை மனத்திற் கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

உவர்மலையிலிருந்து ஒருவர்: எனது காரின் பின்பக்கம் முன்னரைவிடத் தாழ்ந்து நிற்கிறது. அப்சோபர் பழுதாகிவிட்டது என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?

பெரும்பாலும் சரியில்லை. காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஒருமுறை அமுங்கிய பின்னர் தொடர்ந்து மேலும் கீழும் ஆடாமல் அதை அடக்குவதே அப்சோபரின் வேலை. அதன் உள்ளே எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு பிஸ்டன் நகர்கிறது. பிஸ்டனிலுள்ள சிறு துவாரங்களினூடாக எண்ணெய் நெருக்கிச் செல்லும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது. எண்ணெய் நுரைக்காமல் இருப்பதற்காக, இன்றைய அப்சோபர்களிற் பெரும்பாலானவற்றில் நைதரசன் வாயுவும் அடைக்கப்பட்டிருக்கும். அந்த வாயு பிஸ்டனின் தண்டைச் சற்று வெளியே தள்ளினாலும், காரை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு அதற்கு வலு கிடையாது. ஆகவே கார் தாழ்ந்து நின்றால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆட்டம் அடங்காவிட்டால் அப்சோபரைப் பாருங்கள். தாழ்ந்த காருக்குப் புதிய அப்சோபர் பூட்டினால் பணம் போகும், தாழ்வு போகாது.

தம்பலகாமத்திலிருந்து: பின் மூலையைக் கையால் அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை போதுமானதா?

அழுத்திய மூலை ஒருமுறை எழுந்து, நிலைக்குத் திரும்பி நின்றால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் அப்சோபர் முடிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இந்தச் சோதனையில் தேறிய அப்சோபர் நல்லதாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது, ஏனெனில் பாதி தேய்ந்தவையும் நின்ற காரில் ஒழுங்காக நடந்துகொள்ளும். குனிந்து அதன் உடலைப் பாருங்கள். மேற்பகுதியில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். ஈரம் கீழ் வரை வழிந்து, மண்ணோடு சேர்ந்து கரிய பசையாகியிருந்தால் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் உட்சீல் உடைந்துவிட்டது. பின் ரயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைச் சுற்றிவரத் தடவுங்கள். இடைக்கிடை பள்ளமும் மேடும் தட்டுப்பட்டால், சில்லு வீதியில் ஒழுங்காகப் பதியாமல் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அப்சோபரை மாற்றுவதற்குப் பரவலாகச் சொல்லப்படும் எல்லை 80,000 கிலோமீற்றர். குழி விழுந்த உள்வீதிகளில் நாள்தோறும் ஓடும் காருக்கு அந்த எண்ணை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை.

பாலையூற்றிலிருந்து: இடது பக்கம் மட்டும் ஒழுகுகிறது. அதை மட்டும் மாற்றினால் என்ன?

இரண்டையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும் கார், மழை நேரத்தில் வளைவில் பிரேக் பிடிக்கும்போது எந்தப் பக்கம் இழுக்கும் என்று சாரதியால் முன்கூட்டியே உணர முடியாது.

சாம்பல்தீவிலிருந்து: எங்கள் முற்றம் கடற்கரை மணல். காரோடு வந்த ஜக்கும் சில சீமெந்துக் கற்களும் இருக்கின்றன. வேலையைத் தொடங்கலாமா?

இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்கிறேன். காரோடு வரும் ஜக் வீதியோரத்தில் சில்லு மாற்றுவதற்காகக் கொடுக்கப்படுவது. அதன்மேல் நிற்கும் காரின் கீழே தலையைக்கூட நீட்டக் கூடாது. சீமெந்துக் கல் அதைவிட ஆபத்தானது. சுவரில் எத்தனையோ வரிசைகளைத் தாங்கும் அதே கல், காரின் விளிம்பு போன்ற ஒடுங்கிய இரும்பு ஒரு புள்ளியில் அழுத்தும்போது எவ்வித முன்னறிவிப்புமின்றிப் பொடிந்துவிடும். அல்டோ அளவான காரின் வெற்று எடையே 700 கிலோகிராமை ஒட்டியது.

கார் நிறுத்துவதற்குக் கொங்கிறீற்றுத் தரை வேண்டும். உங்கள் வீட்டில் இல்லையென்றால் உறவினர் வீட்டிலோ கடை வாசலிலோ அரை நாள் இடம் கேளுங்கள். மணலில் பலகை போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. ஜக் ஏற ஏறப் பலகையின் ஒரு விளிம்பு அமிழ்ந்து, ஜக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரியத் தொடங்குவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஓர் இணை ஜக் ஸ்டாண்டும், சில்லுள்ள ஹைட்ரோலிக் ஜக் ஒன்றும் வாடகைக்கோ இரவலுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தகைய கார்களில் கைப்பிரேக் பின் சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியவுடன் அந்தப் பிடி பயனற்றுப் போகிறது. ஆகவே முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதலாம் கியரில் விட்ட பின்னரே தூக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து: வேலையின் ஒழுங்கைத் தொடக்கத்திலிருந்து விளக்க முடியுமா? பிரேக் சூ மாற்றிய பழக்கம் எனக்கு உண்டு.

அந்தக் கைப்பழக்கம் போதும். ஒழுங்கு மட்டுமே முக்கியம். கார் தரையில் நிற்கும்போதே சில்லு நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். பின்னர் பின்பக்கத்தைத் தூக்கி, உற்பத்தியாளர் குறித்துள்ள இடங்களில் காரின் உடலை இரு ஸ்டாண்டுகளின்மேல் இறக்கி, காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆட வேண்டியது கார். ஸ்டாண்ட் நகரக் கூடாது. சில்லுகளைக் கழற்றியதும் ஜக்கைப் பின் அச்சின் கீழ் கொண்டுவந்து, நீங்கள் வேலை செய்யப்போகும் பக்கத்தில் அச்சைச் சிறிதளவு மட்டும் உயர்த்தித் தாங்கவிடுங்கள்.

ஏன் இந்தத் தாங்கல்? உடல் உயர்ந்து அச்சுத் தொங்கும்போது, அது மேலும் கீழே போகாமல் பிடித்துவைத்திருப்பது அப்சோபர்தான். தாங்காமல் போல்ட்டைக் கழற்றினால் அச்சு சட்டென்று இறங்கி, ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவலாம். பிரேக் எண்ணெய்க் குழாயும் இழுபடும். அதே காரணத்துக்காக இரு பக்க அப்சோபர்களையும் ஒரே நேரத்தில் கழற்ற வேண்டாம். ஒரு பக்கத்தை முற்றாக முடித்துவிட்டே மறுபக்கம் போங்கள். மறந்துபோன வாஷரின் ஒழுங்கைப் பார்த்துக்கொள்வதற்கும் அந்தக் கழற்றாத பக்கம் உதவும்.

மேல்முனை நட் சில கார்களில் டிக்கியின் உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றில் கீழிருந்தே எட்டும். நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுழலுமானால், தண்டின் நுனியில் தட்டையாகச் சீவப்பட்ட பகுதியைச் சிறு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள். குறட்டால் பளபளப்பான தண்டைக் கடித்துப் பிடிக்கவே கூடாது. அந்தக் கீறல் சீலைக் கிழித்துவிடும். வாஷரும் இறப்பரும் வந்த ஒழுங்கைத் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டு, கீழ் போல்ட்டையும் கழற்றினால் பழையது கையோடு வரும்.

புதியதை நேரே நிறுத்தி, தண்டு மேலிருக்க, முழுவதும் இழுத்து மெதுவாக அமுக்குவதைச் சில தடவை செய்யுங்கள். கடை அலுமாரியில் படுத்துக் கிடந்ததால் எண்ணெய்க்குள் புகுந்த காற்று இதனால் வெளியேறும். தொடக்கத்தில் தளதளவென்று வழுக்கும் தண்டு, காற்று போனதும் முழு நீளத்திலும் ஒரே இறுக்கத்துடன் நகரும். அப்சோபர் முழுவதும் அமுங்கி மோதாமல் தடுக்கும் பழைய பம்ப் ஸ்டொப் நொறுங்கியிருந்தால் அதையும் தூசி உறையையும் புதிதாக வாங்குங்கள். மேல்முனையைப் பூட்டி, ஜக்கால் அச்சை ஏற்றியோ இறக்கியோ கீழ்த் துளையைச் சரிப்படுத்தி, போல்ட்டை விரலிறுக்கத்தில் மட்டும் விட்டுவிடுங்கள். இரு பக்கமும் முடிந்து, சில்லுகள் பூட்டி, கார் தன் பாரத்தில் தரையில் நின்ற பிறகே கீழ் போல்ட்டுகளைக் கைந்நூலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். அவ்வாறு இறுக்காமல் காரை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்.

அன்புவழிபுரத்திலிருந்து: நான் பார்த்த கராஜில் சில்லு அந்தரத்தில் தொங்கும்போதே எல்லாவற்றையும் இறுக்கினார்கள். அதில் என்ன குறை?

அப்சோபரின் கீழ்முனை வளையத்திலுள்ள இறப்பர் புஷ் வெளிக்குழாயோடும் உட்குழாயோடும் ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கும்போது உட்குழாய் அந்த நிலையிலேயே பூட்டப்படுகிறது. அச்சுத் தொங்கும் நிலையில் பூட்டினால், கார் தரைக்கு வந்ததும் இறப்பர் முறுகிய நிலையிலேயே நாள் முழுவதும் நிற்கும். அப்சோபர் நன்றாக இருக்க, சில மாதங்களில் புஷ் கிழிந்து சத்தம் தொடங்கும். நேரமில்லாத கராஜ்களில் இது நடக்கிறது. வீட்டில் செய்பவருக்கு இருக்கும் ஒரே மேன்மை நேரம்தானே.

நிலாவெளியிலிருந்து: கடற்கரையிலிருந்து சில நூறு மீற்றரில் வீடு. கீழ் போல்ட் முழுவதும் கறள். நண்பர் காஸ் டோர்ச்சால் சூடாக்கச் சொல்கிறார்.

டோர்ச்சை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அப்சோபர் அழுத்த வாயு அடைத்த மூடிய பாத்திரம், சூடேறினால் வெடிக்கும். அருகிலேயே பெற்றோல் தாங்கியும் பிரேக் குழாயும் இருக்கின்றன.

கறள் நீக்கும் எண்ணெயை முந்தின நாள் மாலையே அடியுங்கள். அதற்கு முன் கம்பித் தூரிகையால் வெளியே தெரியும் புரியைச் சுத்தம் செய்யாவிட்டால், கறள் தூள் நட்டுக்குள் நெருங்கி இறுகிவிடும். காலையில் நீண்ட பிடியுள்ள சொக்கற்றால் முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்து, பிறகு கழற்றும் திசைக்கு வாருங்கள். இந்த வேலைக்கு 14, 17 மில்லிமீற்றர் அளவுகளே பெரும்பாலும் தேவைப்படும். பன்னிரண்டு முனைச் சொக்கற், கறள் பிடித்த நட்டின் மூலைகளை மழுக்கிவிடுவதால் ஆறு முனையுள்ளதையே பயன்படுத்துங்கள்.

கடலோரக் கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நட் கழன்றுவிடும், போல்ட்டும் கொஞ்சம் திரும்பும், ஆனால் விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். போல்ட்டின் உடல் புஷ்ஷின் உட்குழாயோடு கறளால் ஒட்டிப்போய், நீங்கள் திருப்புவது இறப்பரைத்தான் என்பதற்கு இது அடையாளம். இரு நுனிகளிலும் எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் போராட வேண்டாம். புஷ்ஷுக்கும் போல்ட்டைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கிக்கும் இடையே ஹெக்சோ பிளேட் நுழையும் இடைவெளி இருக்கும். அங்கே இரு பக்கமும் போல்ட்டை அறுத்தால் அப்சோபர் தானே வந்துவிடும். எப்படியும் எறியப்போகும் பொருள்தான். இதற்காகவே, தொடங்கும் முன் அதே தரத்திலுள்ள இரண்டு புதிய போல்ட்டுகளை வாங்கி வைத்திருங்கள். பூட்டும்போது போல்ட்டின் புரியில்லாத உடற்பகுதியில் மெல்லியதாகக் கிறீஸ் பூசினால் அடுத்த முறை கழற்றுபவர் உங்களைத் திட்டமாட்டார்.

மூதூரிலிருந்து: ஒழுகும் அப்சோபரில் துளையிட்டு எண்ணெய் நிரப்பி ஒட்டித் தருகிறார்கள். விலை மிகக் குறைவு. செய்விக்கலாமா?

எண்ணெய் வெளியேறியது சீல் தேய்ந்ததால். அந்தச் சீல் அப்படியே இருக்க, ஊற்றிய எண்ணெயும் அதே வழியால் போகும். தடித்த எண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் கார் இறுக்கமாகத் தோன்றும், அவ்வளவுதான். வாயு திரும்ப வராது.

சீனக்குடாவிலிருந்து: புதியது வாங்கப் பணம் போதவில்லை. ரீகண்டிஷன் அப்சோபர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கடையிலேயே சோதித்து வாங்க வேண்டும். தண்டை முழுவதும் வெளியே இழுத்து நகத்தால் தடவுங்கள். ஊசிமுனை அளவு கறட் புள்ளி தட்டுப்பட்டாலும் திருப்பிக் கொடுங்கள். நேரே நிறுத்தி அமுக்கும்போது நடுவில் எங்கேனும் இறுக்கம் விட்டுப்போகக் கூடாது. வாயு உள்ளதென்றால் அமுக்கி விட்டதும் தண்டு மெல்லத் தானாக எழும். இணையில் ஒன்று எழுந்து மற்றது கிடந்தால் அது இணையே அல்ல. கழுவித் துடைத்து, புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்தவற்றை நான் தொடவே மாட்டேன், ஒழுகிய தடத்தை மறைக்க அதைவிட மலிவான வழி இல்லை.

குச்சவெளியிலிருந்து: என் காரில் ஸ்பிரிங் அப்சோபரைச் சுற்றியே இருக்கிறது. இதே முறைதானா?

இல்லை. அந்த அமைப்பில் தண்டின் மேல் நட்டைக் கழற்றினால், அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் முழு விசையோடு பாயும். அதை நெருக்கிப் பிடிக்கும் தனிக் கருவி வேண்டும். அந்த நட்டைத் தொடாமல் முழுத் தொகுதியையும் கழற்றிக் கராஜுக்குக் கொண்டுபோய், அப்சோபரை அங்கே மாற்றுவித்து, மீண்டும் வீட்டில் பூட்டுவது நல்ல வழி.

ஆலஸ் தோட்டத்திலிருந்து: மாற்றிய பின் வீல் எலைன்மென்ட் செய்ய வேண்டுமா?

அச்சு ஒரே தண்டாக உள்ள இக்கார்களில் பின் அப்சோபர் சில்லின் கோணத்தை மாற்றுவதில்லை. தேவையில்லை.

கந்தளாயிலிருந்து: புதியது பூட்டி ஒரு வாரம், பள்ளத்தில் இறங்கும்போது பின்னால் "டக் டக்" என்கிறது.

முதலில் டிக்கியைத் திறந்து, ஜக்கும் மேலதிகச் சில்லும் ஒழுங்காகப் பூட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். வேலைக்காக எடுத்த ஜக்கைச் சும்மா போட்டுவிட்டு, அப்சோபரைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர். அது இல்லையென்றால் மேல்முனையில் ஒரு வாஷர் தலைகீழாகவோ இறப்பர் ஒன்று குறைவாகவோ போயிருக்கலாம். எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். கார் தரையில் நிற்கும்போது கீழ் போல்ட்டின் இறுக்கத்தையும் சரிபாருங்கள். மூன்றும் சரியாக இருந்து சத்தம் நீடித்தால், அச்சை முன்னோக்கிப் பிடித்திருக்கும் தண்டுகளின் புஷ்களை ஒரு லீவரால் நெம்பிப் பார்க்க வேண்டும். பழைய அப்சோபரின் ஆட்டத்தோடு சேர்ந்து அவையும் தேய்ந்திருக்கும்.