வெளி மாவட்டத்துப் பிள்ளையைச் சேர்த்தால் பள்ளிக்குப் பணம் யார் தருவது?

அமெரிக்காவில் பக்கத்துப் பள்ளி மாவட்டத்துப் பிள்ளையை ஒரு அரசுப் பள்ளி சேர்த்துக்கொண்டால் செலவு யார் தலையில் விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளி மாவட்டம் என்றால் அங்கே ஒரே உள்ளூர் நிர்வாகம் அரசுப் பள்ளிகளை நடத்தும் பகுதி. பதில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நான் மிச்சிகனை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே முன்பெல்லாம் பள்ளிச் செலவில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்துதான் வந்தது. 1994 வாக்கெடுப்பில் விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 ஆக உயர்த்த மக்கள் சம்மதித்தார்கள், அதற்குப் பிறகு ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுத் தருவதில் பெரும்பங்கு மாநிலத்துடையது. 1996-இல் மாவட்டம் தாண்டிச் சேர வழி திறந்ததும் அந்தத் தொகையும் பிள்ளையோடு போக ஆரம்பித்தது. பிள்ளை எங்கே படிக்கிறதோ, அந்தப் பள்ளி மாவட்டத்துக்குத்தான் பணம்.

சரி, இழக்கும் பள்ளி என்ன ஆகும்? இங்கேதான் எனக்கு மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இரண்டு பேர் போனால் வரவு உடனே குறையும், ஆனால் ஆசிரியர் சம்பளம், பேருந்து, குளிர்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவு எதுவும் குறையாது. சேர்க்கும் பள்ளிக்கும் முழு லாபம் கிடையாது, புதுக் கட்டடத்துக்கான கடனை அந்த ஊர்க்காரர்களின் சொத்து வரிதான் அடைக்கிறது. அப்புறம், வெளியூர்ப் பிள்ளைக்குப் பேருந்து விடும் கட்டாயம் இல்லாததால், கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு பெரும்பாலும் எட்டுவதே இல்லை.