மகனுக்குக் கார் மேல் ஆசையே இல்லையே!

கேள்வி: எனக்கு வயது 61, மகனுக்கு 25. கிண்டியில் நல்ல வேலையில் இருக்கிறான். கார் ஓட்டக் கற்றுக்கொள் என்றால் காதிலேயே வாங்குவதில்லை. "எதுக்குப்பா? மெட்ரோ இருக்கு, இல்லன்னா ஆட்டோ புக் பண்ணிக்கலாம்" என்கிறான். நான் 1995-இல் கடன் வாங்கி மாருதி 800 எடுத்தவன். இப்போது இருக்கும் வேகன் ஆர் வாரக்கணக்கில் உறை போட்டபடி நிற்கிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு, இரவில் எதிர் வண்டியின் ஹெட்லைட் எனக்குக் கூசுகிறது. பையனுக்கு வாழ்க்கையில் பிடிப்பே இல்லையோ என்று கவலையாக இருக்கிறது.
- ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: ஐயா, பிடிப்பு இல்லை என்ற கவலையை முதலில் விடுங்கள். நீங்கள் மாருதி 800 எடுத்தபோது உங்கள் தெருவில் எத்தனை கார் நின்றிருக்கும்? சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய அந்த நாளில் குடும்பமே ஒரு படி மேலே ஏறியது. உங்கள் மகன் கண் விழித்தபோதே வீட்டில் கார் இருந்தது. கத்திப்பாராவில் ஊர்ந்து போகும் வண்டிக்குள் அப்பா பெருமூச்சு விடுவதைப் பின் சீட்டிலிருந்து பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். 2016-இல் விமான நிலையம் வரை மெட்ரோ வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். நங்கநல்லூர் ரோட்டில் ஏறினால் ஆலந்தூர், அடுத்தது கிண்டி. இரண்டே ஸ்டேஷன். இதற்குக் காரை எடுப்பதுதான் எனக்கு வீம்பாகத் தெரிகிறது.

கணக்கும் அவர் பக்கம்தான். 8 லட்ச ரூபாய் கடனை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடம் கட்டினால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். அதற்கு மேல் பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ். கார் தேசமான அமெரிக்காவிலேயே 1983-இல் பதினாறு வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் லைசென்ஸ் இருந்தது. 2014-இல் அது கால்வாசியாகிவிட்டது.

ஆனால் கார் வாங்குவது வேறு, ஓட்டத் தெரிந்திருப்பது வேறு. இதில் நான் உங்கள் கட்சி. ஹெட்லைட் கூசுகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கடிதமாகப் படுகிறது. குலதெய்வம் கோயிலுக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும்போது ஸ்டியரிங்கை யாரிடம் கொடுப்பது என்பதுதானே உங்கள் கவலை? இதை மகனிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? "அந்தக் காலத்துலயே நான் கார் வாங்கிட்டேன்" என்றால் அவருக்கு அது ஒப்பீடு. "ராத்திரியில எனக்கு ஓட்ட பயமா இருக்குப்பா" என்றால் அது உதவி கேட்பது. பிள்ளைகள் இரண்டாவதற்குத்தான் அசைவார்கள்.

அவர் சரி என்றால் டிரைவிங் ஸ்கூலுக்கே அனுப்புங்கள். தயவுசெய்து நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அங்கே மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். வண்டி குலுங்கி நின்றாலும் அவர் பதற மாட்டார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்ச், கிளட்ச்!" என்று கத்தியதில் ஆசை விட்டுப்போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும். எடுத்து முப்பது நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகலாம். லைசென்ஸ் வந்த பிறகு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தெரு காலியாக இருக்கும்போது வேகன் ஆரின் உறையைக் கழற்றி அவரிடம் கொடுங்கள். நிற்கும் பேட்டரிக்கும் அது நல்லது.

அப்புறம், நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் என்ன செய்வது என்று அவரைப் பயமுறுத்தாதீர்கள். அதற்கு 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். பதற்றத்தில் இருக்கும் மகன் ஓட்டக் கூடாது.

உங்கள் கண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். கண்புரை ஆபரேஷனுக்குச் சில மாதமோ வருடமோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கிக் கூச்சம் வருவதுண்டு. அதுதான் காரணம் என்றால் லேசரில் சில நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்கள். அதுவரை இரவில் நீங்கள் ஓட்ட வேண்டாம். பரிசோதனைக்குப் போகும்போது மகனையும் கூட்டிக்கொண்டு மெட்ரோவிலேயே போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் திரும்பி வரும்போது எப்படியும் உங்களால் ஓட்ட முடியாது.