முன் டயர் வெடிச்சா எந்த பிரேக்கை பிடிக்கணும்?

கேள்வி: இறக்கத்துல சைக்கிள்ல வேகமா வரும்போது முன் டயர் படார்னு வெடிச்சிருச்சு. பதட்டத்துல ரெண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்திட்டேன், ஹேண்டில்பார் திரும்பி விழுந்துட்டேன். என்ன செஞ்சிருக்கணும்?

பதில்: முழங்கை, மணிக்கட்டுல வலி இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டிருங்க.

அடுத்தவாட்டி முன் பிரேக்கை தொடவே தொடாதீங்க. காத்து இருக்கிற வரைக்கும்தான் டயர் ரிம்மை, அதாவது சக்கரத்தோட வளையத்தை, கவ்விப் பிடிச்சிருக்கும், போயிட்டா அது ரிம்மு மேல அங்கயும் இங்கயும் வழுக்கும், அந்த நேரம் முன் பிரேக் பிடிச்சா பாரம் மொத்தமும் முன்னாடி வந்து டயர் கழண்டே போயிரும், முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்குல சிக்கினா சக்கரம் அப்படியே நின்னு ஆளைத் தூக்கி எறிஞ்சிரும். அதனால சீட்ல பின்னாடி நகர்ந்து உட்கார்ந்துக்கிட்டு, ஹேண்டில்பாரை கெட்டியா பிடிச்சு நேரா ஓட்டிக்கிட்டே பின் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அழுத்துங்க. நிக்க அதிக தூரம் எடுக்கும், பரவால்ல. வண்டியை மட்டும் சாய்க்காதீங்க. வளைவுல வெடிச்சா ரோட்டுல இடம் இருக்கிற அளவுக்கு வண்டியை நிமிர்த்திட்டு அப்புறம் பிரேக். பின் டயர் போனா இதுக்கு நேர்மாறு, முன் பிரேக்கை மெதுவா பிடிக்கணும்.

படிக்கிறப்போ சுலபமா தெரியும், ஆனா அந்த நொடியில கை தானா ரெண்டு லீவரையும் பிடிச்சிரும்ங்க. ஆள் இல்லாத இடத்துல பின் பிரேக்கை மட்டும் வச்சு நிறுத்திப் பழகுங்க. எந்தப் பக்க லீவர் பின் பிரேக்குங்கிறது எல்லா சைக்கிள்லயும் ஒண்ணு இல்ல, புதுசா ஒரு வண்டி எடுத்தா அதை முதல்ல பாத்துக்கோங்க.

படார்னு சத்தம் வந்ததுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது முக்கியமான விஷயம். ஆணி குத்தினா பெரும்பாலும் புஸ்ஸுனுதான் காத்து போகும். வெடிச்சிருக்குன்னா ட்யூப் டயரை விட்டு வெளிய வந்திருக்கு: டயர் பக்கவாட்டுல கிழிஞ்சிருக்கலாம், பிரேக் கட்டை டயர்ல உரசித் தேய்ச்சிருக்கலாம், இல்ல மாட்டும்போது ட்யூப் டயர் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவுல மாட்டியிருக்கலாம். கட்டை ரிம்மை அழுத்தி நிறுத்துற ரிம் பிரேக்கா இருந்தா நீள இறக்கத்துல விடாம பிடிச்சுக்கிட்டே வந்தாலும் ரிம் சூடாகி ட்யூப் வெடிக்கலாம், அதனால விட்டு விட்டுப் பிடிக்கணும்.

புது டயர் வாங்கினா முன்னாடி போடுங்க, பழசு பின்னாடி போகட்டும். மாட்டினதும் பாதி காத்து மட்டும் அடிச்சு, டயர் ஓரத்துல ஓடுற மெல்லிசான கோடு ரிம்மை ஒட்டி ரெண்டு பக்கமும் ஒரே சீரா இருக்கான்னு சக்கரத்தை சுத்தி விட்டுப் பாருங்க, எங்கயாவது புடைச்சிருந்தா காத்தை இறக்கிட்டு சரி பண்ணிட்டு அப்புறமா முழுசா அடிங்க.