பதில்: 50 வாட் சோலார் பேனல் இருந்தும் இரவு 9 மணிக்கே விளக்கு அணைகிறது

இன்னொரு பேனல் வாங்கச் சொன்ன கடைக்காரர் பேச்சை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியபடி 5 வாட் பல்பு மூன்று, 5 மணி நேரம்: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 6 ஆம்பியர்-மணி (பேட்டரியில் சேமித்த மின்சாரத்தின் அளவு) செலவு. 15 வாட் டிசி ஃபேன் 8 மணி நேரம்: 10. ஆக 16. உங்கள் பேனல் நல்ல வெயில் நாளில் தருவதே 12 தான். தினமும் 4 கடன். 40 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? ஃபேனை 4 மணி நேரமாகக் குறையுங்கள்.

அதைவிட எனக்குச் சந்தேகம் வயரில். பேனலிலிருந்து வரும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 8 மீட்டர், 1.5 சதுர மி.மீ. என்கிறீர்கள். 3 ஆம்பியர் போகும்போது அதில் அரை வோல்ட்டுக்கு மேல் விழும். பேட்டரி நிறைந்துவிட்டதென்று கன்ட்ரோலர் ஏமாந்து, சார்ஜை முன்னதாகவே குறைத்துவிடும். கன்ட்ரோலரைப் பேட்டரிக்கு 1 மீட்டருக்குள் கொண்டுவந்து 4 சதுர மி.மீ. வயர் போடுங்கள். கழற்றும்போது முதலில் பேனல் வயர், பிறகு பேட்டரி. மாட்டும்போது பேட்டரிதான் முதலில்.

பிறகு நான்கு நாள் ஃபேன் போடாமல் சார்ஜ் ஏற்றுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தையும் பார்த்துவிடுங்கள். மாலையில் 12.6 வோல்ட் காட்டியும், வெறும் பல்புக்கே ஒரு மணி நேரத்தில் 12-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, சார்ஜைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்திருக்கலாம். அப்போது காசு பேட்டரிக்குத்தான் போக வேண்டும், பேனலுக்கு அல்ல.