ஒரே கம்ப்யூட்டரில் நாலு அக்கவுண்ட், வீட்டுக்கு ஒரே இணைப்பு: கேள்வி பதில்

வீட்டு பிராட்பேண்டை ஒரே கம்ப்யூட்டரில் உள்ள எல்லா அக்கவுண்டுக்கும் கிடைக்கச் செய்வது பற்றிய கேள்விகள் இவை. கேட்டவர் பெயருக்குப் பதில் அவர் ஊர். எதையும் தொடும் முன் ஓஎன்டி (ஃபைபர் லைன் வீட்டில் வந்து சேரும்) பெட்டியின் செட்டிங்ஸில் உள்ள யூசர்நேம், விலான் எண் (இணைப்பு கொடுத்தவர் லைனுக்கு வைத்த எண்) இரண்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டு அங்கே புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அதை இணைப்பு கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தக்கலை: எனக்க அக்கவுண்டுல நெட் கிடைக்குது. மகள் அவளுக்க அக்கவுண்டுல நுழைஞ்சா பிராட்பேண்ட் ஐகானே இல்ல. விண்டோஸ் 10. என்ன செய்யணும் அண்ணாச்சி?

உங்கள் கம்ப்யூட்டரே டயல் செய்கிறது, அதாவது யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து லைனைத் தொடங்குகிறது. இணைப்பை உருவாக்கும்போது யூசர்நேம், பாஸ்வேர்டுக்குக் கீழே, மற்றவர்களும் இதைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போடாவிட்டால் இணைப்பு உங்கள் ப்ரொஃபைலுக்குள் மட்டும் பதியும். மகளுக்குத் தெரியாததன் காரணம் இதுதான்.

உடனடித் தீர்வு: பழைய இணைப்பை டெலீட் செய்யுங்கள். அட்மின் அக்கவுண்டில் இருந்து செட்டிங்ஸ், நெட்வொர்க், டயல்-அப், புதிய இணைப்பு, பிராட்பேண்ட் என்று போய், அந்த டிக்கைப் போட்டு மறுபடி உருவாக்குங்கள். ஆனாலும் ஒரு தொல்லை மிச்சம் இருக்கும். நீங்கள் சைன் அவுட் செய்தால் லைன் அறுந்துவிடும், மகள் மறுபடி டயல் செய்ய வேண்டும்.

நிரந்தரத் தீர்வு டயல் செய்யும் வேலையை ஓஎன்டியிடமே கொடுப்பது. கேபிளை அதில் செருகி, பிரவுசரில் 192.168.1.1 திறந்து (பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியையும் பாருங்கள்), வான் (WAN, வெளி இணைப்பு) பகுதியில் பிரிட்ஜ் (டயலை வேறு கருவிக்கு விடுவது) என்பதை ரூட் (பெட்டியே டயல் செய்வது) என்று மாற்றி, பிபிபிஓஇ (டயல் செய்யும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுங்கள். விலான் எண்ணை மாற்றாதீர்கள். அதன்பின் கம்ப்யூட்டரில் டயல் ஐகானே தேவையில்லை. எந்த அக்கவுண்டில் நுழைந்தாலும் நெட் இருக்கும், போனுக்கும் டிவிக்கும் சேர்த்து. மகளின் அக்கவுண்ட் ஸ்டாண்டர்டாக இருக்கட்டும், அட்மின் ஆக்க வேண்டாம்.

குலசேகரம்: நாங்க வைஃபைதான். ஒவ்வொரு அக்கவுண்டுலயும் பாஸ்வேர்டு போடணுமா?

விண்டோஸில் ஒரு தடவை போட்டால் பொதுவாக எல்லா அக்கவுண்டுக்கும் பதியும். உபுண்டுவில் அந்த வைஃபையின் பல்சக்கர ஐகானைத் திறந்து, மற்ற பயனர்களுக்கும் கிடைக்கட்டும் என்ற டிக்கைப் போடுங்கள்.

கருங்கல்: ஒரு அக்கவுண்டுல எல்லா சைட்டும் திறக்குது, இன்னொண்ணுல ஒண்ணும் திறக்கல. ரெண்டுலயும் வைஃபை கனெக்டட்னுதான் காட்டுது.

ப்ராக்ஸி. நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் அது, அக்கவுண்டுக்கு அக்கவுண்ட் தனித்தனியாகப் பதியும் செட்டிங். ஆபீஸ் வேலைக்கோ, ஏதாவது இலவச மென்பொருளோ அந்த அக்கவுண்டில் போட்டு விட்டுப் போயிருக்கும். அதற்குள் நுழைந்து செட்டிங்ஸ், நெட்வொர்க், ப்ராக்ஸி. கைமுறை ப்ராக்ஸியை ஆஃப் செய்யுங்கள். மறுபடி தானே ஆன் ஆனால் அந்த மென்பொருளை நீக்கும் வரை விடாது. எல்லாரும் அட்மினாக இருக்கும் வீட்டில் இப்படிக் கண்டதும் ஏறும்.

மார்த்தாண்டம்: ரூட் மோடு போடச் சொல்லுதியள். பிரிட்ஜ் போட்டு கம்ப்யூட்டர்ல டயல் பண்ணினாத்தான் முழு வேகம் வருது. அனுபவத்துல சொல்லுதேன்.

பிபிபிஓஇ ஒவ்வொரு பாக்கெட்டிலும் 8 பைட் கூட்டும். 1500 என்ற எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1492 ஆவது அதனால்தான். யார் டயல் செய்தாலும் அந்த 8 பைட் உண்டு. ரூட் மோடில் நீங்கள் வைஃபையில் அளந்திருப்பீர்கள்.

மார்த்தாண்டம்: இல்ல, கேபிள்லதான். 200 எம்பிபிஎஸ் பிளான். ரூட்ல 140, பிரிட்ஜ்ல 195.

அப்படியானால் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பழைய, விலை குறைந்த ஓஎன்டி சிலவற்றின் சிப்பால் டயலையும் நாட் வேலையையும் (ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிர்வது) சேர்த்து அந்த வேகத்தில் செய்ய முடியாது. ஆனால் அதற்காகக் கம்ப்யூட்டரை முன்னால் நிறுத்த வேண்டாம். ஓஎன்டியை பிரிட்ஜில் விட்டு, கிகாபிட் போர்ட் உள்ள தனி ரூட்டரில் டயல் செய்யுங்கள்.

நாகர்கோவில்: ரெண்டு பெட்டி வச்சா டபுள் நாட் ஆகாதா?

பிரிட்ஜில் உள்ள ஓஎன்டி நாட் செய்யாது, ஆகாது. ஓஎன்டி ரூட்டில் இருந்தால்தான் இரண்டாவதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் (நாட் செய்யாத மோடு) போட வேண்டும்.

மார்த்தாண்டம்: கம்ப்யூட்டர்ல நேரா டயல் பண்ணினா என்ன கெட்டுப் போச்சு? ரூட்டர் காசு மிச்சம்லா?

மூன்று விஷயம். கம்ப்யூட்டரை அணைத்தால் வீட்டில் யாருக்கும் நெட் இல்லை. சைன் அவுட் செய்தால் லைன் போகும். மூன்றாவதுதான் பெரிது: வெளியிலிருந்து தானாக வரும் தொடர்பைத் தடுக்க நடுவில் ரூட்டர் இல்லை. நாலு அக்கவுண்டில் ஒருவர் ஃபைல் ஷேரிங்கையோ ரிமோட் டெஸ்க்டாப்பையோ திறந்து வைத்தாலும் அந்தக் கம்ப்யூட்டர் முழுக்க வெளியே தெரியலாம். அப்படியே வைப்பதாக இருந்தால் அந்த இணைப்பைப் பப்ளிக் நெட்வொர்க் என்று குறியுங்கள், ஃபயர்வாலை அணைக்காதீர்கள், அட்மின் ஒரே ஆள் மட்டும்.

குளச்சல்: எனக்கும் 200 பிளான், கேபிள்ல 95க்கு மேல ஏறல. பிரிட்ஜ் போடவா?

வேண்டாம். 95 என்றாலே லிங்க் 100இல் நிற்கிறது என்று அர்த்தம். ஈத்தர்நெட் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு பாருங்கள், 100 என்றுதான் இருக்கும். கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று போனாலும் 100க்கு இறங்கலாம். கடலோர வீடுகளில் முதல் சந்தேகம் ஆர்ஜே45 முனை: மூக்கில் உள்ள எட்டுத் தகடுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொன் நிறம் போய்ப் பச்சை பூத்திருந்தால் முனையை வெட்டிப் புதிது கிரிம்ப் செய்யுங்கள், கேட் 6 கேபிளாக இருந்தால் நல்லது. ஓஎன்டியில் கிகாபிட் போர்ட் எது என்றும் பாருங்கள். சிலதில் ஒன்றுதான் இருக்கும்.

திங்கள்சந்தை: சிவப்பு விளக்கு எரியுது, எந்த அக்கவுண்டுலயும் நெட் இல்ல.

லாஸ் (LOS, சிக்னல் இல்லை) விளக்கு என்றால் ஃபைபர் பிரச்சினை. லைன்மேனைக் கூப்பிடுங்கள். ரீசெட் செய்யாதீர்கள்.

அருமனை: பையன் அக்கவுண்டுல மட்டும் ஆபாச சைட் தடுக்க முடியுமா?

டிஎன்எஸ் (சைட் பெயரை முகவரி எண்ணாக மாற்றும் சேவை) கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொது, அக்கவுண்டுக்குத் தனியாகப் பிரியாது. வீடு முழுக்கத் தடுக்கலாம் என்றால் ரூட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி பங்கிடும்) பகுதியில் டிஎன்எஸாக 1.1.1.3, 1.0.0.3 போடுங்கள், அது கிளவுட்ஃப்ளேரின் குடும்ப வடிகட்டி. பிரவுசரில் செக்யூர் டிஎன்எஸ் என்பதை வேறு சேவைக்கு மாற்றினால் தப்பிவிடும், அதையும் பாருங்கள். அவனுக்கு மட்டும் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலியில் சேருங்கள். எட்ஜ் தவிர மற்ற பிரவுசரில் அந்த வடிகட்டி வேலை செய்யாது. அவன் அட்மினாக இருந்தால் இதெல்லாம் வீண்.

இரணியல்: என் மனைவிக்கு ஐகான் வரல, எனக்கு வருது.

தக்கலைக்குச் சொன்ன பதில்.

திருவட்டாறு: ஐப்பசியில இடி வெட்டும்போது ஃபைபருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுதாங்க. சரியா?

கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளில் பெரும்பாலும் இழுவைக்கு ஓர் இரும்புக் கம்பி சேர்ந்திருக்கும், அது கடத்தும். அந்தக் கம்பியை வெளிச்சுவர் கொக்கியிலேயே நிறுத்தி வெட்டச் சொல்லுங்கள், உள்ளே வரக் கூடாது. அடாப்டரையும் கம்ப்யூட்டருக்குப் போகும் லேன் கேபிளையும் இடி தொடங்கும் முன்பே கழற்றுங்கள். தலைக்கு மேல் வெட்டும்போது தொட வேண்டாம்.

புதுக்கடை: ஐகான் வரல அண்ணே, ரீசெட் அடிச்சேன், இப்ப யாருக்கும் நெட் இல்ல.

ரீசெட்டில் ஓஎன்டியில் பதிந்திருந்ததெல்லாம் அழிந்தது. இணைப்பு கொடுத்தவரிடம் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் மூன்றையும் கேட்டு வாங்கி, தக்கலைக்குச் சொன்னபடி ரூட் மோடில் போடுங்கள். போட்டு முடிந்ததும் அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுங்கள்.